குடிபெயர்ந்தோரும் மண்ணும்

ஊர் விட்டு ஊர் செல்லும் குடியானவன், விதையோடும் கலப்பையோடும் நிலத்தை இன்னபடிதான் ஆளவேண்டும் என்ற பழக்கத்தையும் மூட்டையில் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறான் என்பதையும், புதிய பூமி அப்பழக்கத்துக்கு இணங்காவிடில் மண்ணோ மனிதனோ நலிந்தே தீரவேண்டும் என்பதையும் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் அமெரிக்கப் பூகோளப் பேராசிரியர் கார்ல் சௌவர்.

மிசௌரி மாகாணத்து வாரண்டன் என்ற சிற்றூரில், ஜெர்மானியக் குடியேறிகளின் வம்சத்தில் 1889-ல் பிறந்த அவர், சிகாகோ சர்வகலாசாலையில் 1915-ல் டாக்டர் பட்டம் பெற எடுத்துக்கொண்ட விஷயம் ஓசார்க் மலைநாடு. பிரெஞ்சுக்காரரும் கென்டக்கி, டென்னஸி பக்கத்தவரும் ஜெர்மானியரும் தத்தம் வழக்கத்துக்கேற்ற நிலம் தேடி அங்கே அமர்ந்த சரித்திரத்தை அவர் அதில் விரித்துரைத்தார்.

பின்னர் ஆசிரியராக அமர்ந்த மிச்சிகனில் அவர் கண்டது வேறொரு காட்சி. வடபகுதியின் வெள்ளைப் பைன் வனங்களை மர வியாபாரிகள் வெட்டித் தீர்த்தபின், அடிக்கட்டைகள் மட்டும் நின்ற மணற்பூமியை மலிவென்று வாங்கிய உழவர்கள், வரி செலுத்தவும் வகையின்றிக் கைவிட்டுப் போயிருந்தார்கள். குடியேற்றத்துக்கு முன்பே மண்ணை அறியவேண்டும் என்ற நோக்கத்துடன் 1922-ல் தொடங்கிய அம்மாகாண நில அளவாய்வுக்கு அவர் வழிகோலினார்.

மறு ஆண்டு பெர்க்கிலி சர்வகலாசாலைக்குச் சென்று, சுமார் முப்பது வருஷம் பூகோளத் துறைக்குத் தலைமை வகித்த அவர், சூழ்நிலையே மனிதனை உருவாக்குகிறது என்ற அக்காலக் கொள்கையை மறுத்து, நிலத்தோற்றத்தை மாற்றியமைக்கும் சக்தி மனித நாகரிகமே என்று 1925-ல் நிலைநாட்டினார். மெக்ஸிகோவின் கிராமங்களில் பலமுறை சஞ்சரித்து, பரம்பரை மக்காச்சோள வகைகளின் அருமையை உணர்ந்தவராதலின், அமெரிக்க விதைகளைப் புகுத்தினால் அந்த விதைச்செல்வம் அழியும் என்று 1941-லேயே ராக்ஃபெல்லர் நிறுவனத்தை எச்சரித்தார். மனிதனால் பூமி அடைந்த மாறுதல்களை ஆராய 1955-ல் பிரின்ஸ்டனில் கூடிய மகாநாட்டுக்கும் தலைமை ஏற்றவர்களுள் அவர் ஒருவர்.

ஓய்வுபெற்ற பின்னும் பேனாவைக் கீழே வைக்காமல், ஸ்பானியரின் வருகையால் கரீபியத் தீவுகள் அடைந்த கேட்டை 1966-ல் நூலாக எழுதினார். மண் கரையாதபடி மேடு கூட்டி, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கலந்து நட்ட அத்தீவு மக்களின் வேளாண்மையை அவர் மிகவும் மதித்தார்; பொன் தேடி வந்தவர்களுக்கோ அது கண்ணில் படவே இல்லை.