உறுதியில் அவள் பெயர்

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளை 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தேசவழமையாகத் தொகுப்பித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது உடைமையை வகுத்தது. தாயின் சீதனம் மகளுக்கு வந்தது. மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் மனைவிக்கும் பாதியுண்டு. கணவன் இறப்பினும் அப்பாதி அவளுடையதே. இதனையே நாம் பெருமையுடன் பேசி வந்துள்ளோம்.

ஆனால், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ மனைவிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவையென அது விதித்தது. அவன் மறுப்பின் மாவட்ட நீதிமன்றின் படியேற வேண்டும். தன் முதுசத்தை விற்கும் கணவனுக்கோ இத்தடையில்லை. உறுதியில் அவள் பெயர். அதிகாரமோ அவன் கையில்! மணவிலக்குப் பெற்றாலோ விதவையானாலோதான் தன் நிலத்துக்கு அவள் முழு உரிமையாளி ஆகிறாள். வாழ்க்கைத் துணையை இழந்துதான் உரிமையைப் பெற வேண்டுமெனின், அவ்வழமையில் நாம் பெருமைகொள்வது எங்ஙனம்?