கான்டனீஸ் இசைநாடகமும் தொடக்கப் பள்ளியும்

கான்டனீஸ் இசைநாடகம் தெற்குச் சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலும் ஹாங்காங், மக்காவ் நகரங்களிலும் வேரூன்றிய கலை. பாட்டு, வசனம், அபிநயம், சண்டை அடவு ஆகிய நான்கும் ஒரே நடிகருக்குக் கைவந்திருக்க வேண்டும். 2009-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தரும் வழக்கம் மிகவும் புதியது.

நெடுங்காலம் இந்தக் கலையைப் பயில ஒரே வழி, ஆசானிடம் அடைக்கலமாவதுதான். முத்தாற்றுக் கழிமுகத்தின் ஊர்களுக்குக் குழுக்கள் செந்நிறப் படகுகளில் சென்று தெய்வத் திருவிழாக்களில் ஆடின. ஒப்பந்தத்தின் பேரில் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் ஆசானுக்குப் பணிவிடை செய்துகொண்டே, கேட்டும் பார்த்தும் கற்றார்கள். 1854-இல் லீ வென்மாவ் என்ற நடிகர் சிங் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார். பதிலடியாக ஃபோஷான் நகரில் இருந்த நடிகர் சங்க மாளிகை அழிக்கப்பட்டது. நாடகமும் பத்தாண்டுக்கு மேல் தடைபட்டுக் கிடந்தது. 1889-இல் குவாங்சோவில் பாஹோ சங்கம் உருவானபின் தொழில் மறுபடியும் ஒழுங்குக்கு வந்தது. கற்பித்தல் மட்டும் ஆசான், சீடன் என்ற வட்டத்தைத் தாண்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மாற்றமே பின்னாளில் பள்ளிக்கதவைத் திறந்தது எனலாம். அதுவரை மேடையில் ஒலித்தது வடபுலத்து மேடைமொழி. 1920-களிலும் 1930-களிலும் அந்த இடத்தைக் கான்டனீஸ் பேச்சுமொழி பிடித்தது. குழந்தை வீட்டில் பேசும் மொழியே நாடகத்தின் மொழியானது. 1950-களில் தோங் திக்-சாங் எழுதிய நாடகங்களால் ஹாங்காங் அரங்குகள் நிறைந்தன. பின்னர் திரைப்படமும் தொலைக்காட்சியும் பார்வையாளரை இழுத்துக்கொண்டன. இருக்கைகளில் முதியவர்களே மிஞ்சினார்கள்.

2000-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கின் புதிய கலைக்கல்விப் பாடத்திட்டம் பள்ளியில் இந்த நாடகத்துக்கு இடமளித்தது. சிக்கல் ஆசிரியரிடத்தில் எழுந்தது. இசை ஆசிரியர்கள் பெரும்பாலும் பியானோவும் மேற்கத்திய இசைக்குறியீடும் பயின்றவர்கள். கான்டனீஸ் நாடக இசையோ குங்சே என்னும் எழுத்துக் குறியீட்டையும் செவிவழிப் பாடத்தையும் நம்பியது. கலைஞருக்குப் பாடம் தெரியும், வகுப்பை நடத்தத் தெரியாது. இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்துவதே சரியான விடை. ஹாங்காங் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த லியுங் போ-வா 2009-இல் தொடங்கிய கூட்டுத்திட்டம் இதைத்தான் செய்தது: கலைஞர் பாடிக் காட்டினார், ஆசிரியர் அதைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தார். நாடக வளர்ச்சிக்கென 2005-இல் அமைந்த நிதியம் இதற்குத் துணைநின்றது.

இந்தக் கலைக்குள் குழந்தையை அழைத்துச் செல்ல மொழியைவிட நல்ல வாசல் இல்லை. கான்டனீஸில் ஆறு தொனிகள் உண்டு. தொனி பிசகினால் பொருளே மாறிவிடும். பாங்வாங் என்ற பாடல்வகையில் முழு மெட்டு முன்கூட்டியே அமைந்திருப்பதில்லை. சொற்களின் ஏற்ற இறக்கமே மெட்டை வடிக்கிறது. தாளக் கட்டும் அடி முடியும் சுரங்களும் மட்டுமே வரையறுக்கப்பட்டவை. முதல் அடி சமமல்லாத தொனியிலும் அடுத்த அடி சமதொனியிலும் முடியவேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே எட்டு வயதுக் குழந்தைகூடத் தன் அன்றாடப் பேச்சை இரண்டு அடியாக்கிப் பாடிப் பார்க்கலாம். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட இது எத்தனையோ மடங்கு உயிருள்ள பயிற்சி. மேள, சேகண்டி அடிகளைச் சொற்கட்டாக வாயால் சொல்லிப் பழகும் மரபும் சிறுவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. கருவி வாங்கும் செலவும் இல்லை.

ஓவிய வகுப்பில் இந்த நாடகம் பெரும்பாலும் முகமூடிக்கு வண்ணம் தீட்டுவதாகவே வருகிறது. வீரன் குவான் யூவுக்குச் சிவப்பு, நீதிபதி பாவோவுக்குக் கறுப்பு என்பது பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம்தான். ஆனால் அத்தோடு நின்றால் தவறான எண்ணமே பதியும். நாயகன், நாயகி வேடங்களுக்கு வெண்பூச்சும் கண்ணைச் சுற்றிய செம்பூச்சும்தான் அரிதாரம். நீண்ட வெண்ணிறச் சட்டைக்கைகளை வீசி மடிக்கும் 'நீர்க்கை' அசைவையும் உடன் கற்றுத்தந்தால் வண்ணமும் உடலும் சேர்ந்து பேசும்.

சீனப் பெருநிலத்தில் பாதை வேறாக இருந்தது. 2008-இல் கல்வி அமைச்சகம் பத்து மாகாண, மாநகரங்களில் பீகிங் நாடகப் பாடல்கள் பதினைந்தை இசைப்பாடத்தில் சோதனையாகச் சேர்த்தது. அந்தந்த வட்டாரத்து நாடகத்தை அல்லவா கற்பிக்கவேண்டும் என்ற விவாதம் உடனே கிளம்பியது. அந்தக் கேள்வி நியாயமானது: கான்டனீஸ் பேசும் குழந்தைக்குத் தொனி தரும் வாசல் பீகிங் நாடகத்தில் கிடைக்காது.

ஹாங்காங்கில் 2012-இல் யாவ் மா தெய் அரங்கு இளங்கலைஞர் பயிற்சிக்குத் திறக்கப்பட்டது. 2019-இல் மேற்குக் கவுலூனில் சீன இசைநாடக அரங்கான ஷிச்சூ மையம் எழுந்தது. அரங்குகள் வந்தாலும், பள்ளிக்கு வரும் கலைஞர் நிதி இருக்கும்வரைதான் வருவார் என்பதால், நிலைத்து நிற்பது ஆசிரியர் கற்றுக்கொண்ட அளவே. இரண்டு அடி பாடவும், மரமீன் என்னும் தாளக்கருவியைத் தட்டித் தாளம் காக்கவும் தெரிந்த ஆசிரியர், கலைஞர் போனபின்பும் அடுத்த ஆண்டு வகுப்புக்கு அந்தப் பாடத்தை எடுத்துச் செல்கிறார்.