டாக்டருக்கு வாடகைக்கு இடம்: பித்தளைப் பலகை முதல் கூகுள் விளம்பரம் வரை

நோயாளிகளைப் பிடிக்க டாக்டர்கள் கொடுக்கும் விளம்பரம் நமக்குத் தெரியும். இன்னைக்கு நாம பேசப்போறது அதுக்கு நேர் எதிர்: டாக்டர்களைப் பிடிக்கக் கட்டட உரிமையாளர்கள் கொடுக்கும் விளம்பரம். கிளினிக்குக்குத் தோதான இடம் ஒருத்தர்கிட்ட இருக்கு. அதுக்கு ஏற்ற டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு 150 வருஷத்துக்கு மேல வயசு.

முதல்ல ஒண்ணை மனசுல வச்சுக்குங்க. டாக்டர்கள் நெடுங்காலம் விளம்பரமே செய்யக் கூடாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் தொடங்கியபோதே, பொது விளம்பரம் கொடுத்து நோயாளிகளை அழைப்பது தொழிலின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தன் நெறிமுறையில் எழுதிவைத்தது. பிரிட்டனிலும் அதே மனப்போக்குதான். அப்போ டாக்டருக்கு என்ன மிச்சம்? வாசலில் ஒரு பித்தளைப் பலகை. அது எந்தத் தெருவில் தொங்குகிறது என்பதுதான் அவருக்கு விளம்பரம்.

லண்டன் ஹார்லி தெருவைப் பாருங்க. 1860-ல் அங்கே சுமார் 20 டாக்டர்கள். 1900-ல் 80 பேர். 1914-ல் கிட்டத்தட்ட 200. பெரிய வீடுகள், பக்கத்திலேயே ரயில் நிலையங்கள். வெளியூர் நோயாளியும் வந்து போகலாம். அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்றும் ஹவர்டு டி வால்டன் எஸ்டேட் வசம் இருக்கிறது. அங்கே முகவரிக்கே ஒரு மதிப்பு இருந்தது. ஒரு டாக்டர் வந்ததைப் பார்த்து அடுத்தவர் வந்தார். தெருவின் பெயரே உரிமையாளருக்காக வேலை பார்த்தது.

அமெரிக்காவில் இது வானளாவிய கட்டடங்களாக மாறியது. 1920-களில் பல நகரங்களில் ‘மெடிக்கல் ஆர்ட்ஸ் பில்டிங்’ என்ற பெயரில் டாக்டர்களுக்கென்றே கட்டடங்கள் எழுந்தன. சிகாகோவில் 1927-ல் வந்த 38 மாடி பிட்ஸ்ஃபீல்டு கட்டடம் மருத்துவர்களையும் பல் மருத்துவர்களையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 1929-ல் 26 மாடியுடன் ‘450 சட்டர்’ வந்தது. திமதி ஃப்ளூகர் வடிவமைத்தது, உள்ளே மாயன் பாணி அலங்காரம். பல் டாக்டரின் நாற்காலிக்குத் தண்ணீரும் வடிகாலும் வேணும், எக்ஸ்ரே கருவிக்கு மின்சாரம் வேணும். சாதாரண ஆபீஸ் அறையில் இதெல்லாம் சுலபம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: மேல் மாடியில் கண் டாக்டர், கீழ் மாடியில் எலும்பு டாக்டர் என்றால், நோயாளியை ஒருத்தர் இன்னொருத்தரிடம் அனுப்பலாம்.

ஆனா அந்த ‘அனுப்புறது’லதான் சிக்கலும் இருந்தது. கட்டடம் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம்னு வச்சுக்குங்க. டாக்டருக்குக் குறைந்த வாடகை கொடுத்து, பதிலுக்கு நோயாளிகளை நம்மிடமே அனுப்புங்க என்றால் அது மறைமுக லஞ்சம்தானே? 1989-ல் வந்த ஸ்டார்க் சட்டத்தின் விதிகளில் இதற்கும் பதில் இருக்கிறது. வாடகை எழுத்தில் இருக்க வேண்டும், முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், சந்தை மதிப்பில் இருக்க வேண்டும், அனுப்பும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறக் கூடாது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான கட்டடம் ‘ஆறு மாசம் வாடகை இலவசம்’ என்று நினைத்தபடி விளம்பரம் போட்டுவிட முடியாது.

இதற்கிடையே விளம்பரத் தடையும் தளர்ந்தது. 1979-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அந்தத் தடைக்கு எதிராக உத்தரவு போட்டது. 1982-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிய, உத்தரவு நிலைத்தது. நம்ம நாட்டில் 2002 மருத்துவ கவுன்சில் விதிகள் விளம்பரத்தைத் தடுத்தாலும், முகவரி மாறினால் பத்திரிகையில் அறிவிக்கலாம் என்று விட்டுவைத்தன. பாருங்க, அங்கேயும் முகவரிதான்!

பிறகு இணையம். 2000 அக்டோபரில் கூகுள் ஆட்வேர்ட்ஸ் வந்தது. 2002-லிருந்து ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று காசு. தெருவின் பெயர் செய்த வேலையை இப்போ தேடல் சொற்கள் செய்யணும். இதில் ஒரு வேடிக்கை: ‘மெடிக்கல் ஆபீஸ்’ என்று தேடுபவர்களில் பலர் நோயாளிகள். காய்ச்சலோடு டாக்டரைத் தேடுபவர் வாடகை விளம்பரத்தைக் கிளிக் செய்தால் காசு போகும், வாடகைதாரர் வரமாட்டார். அதனால் ‘அருகில்’, ‘அப்பாயின்ட்மென்ட்’ போன்ற சொற்களை விலக்கிவைப்பதே பாதி வேலை. லிங்க்டின் போன்ற தளங்களில் பதவியையும் துறையையும் வைத்தே டாக்டர்களைத் தேர்ந்து காட்டலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்பில், 2018-ல் முதல் முறையாகச் சொந்த கிளினிக் வைத்திருந்தவர்களை விடச் சம்பளத்துக்கு வேலை பார்த்த டாக்டர்கள் அதிகமானார்கள்: 45.9 சதவீதத்துக்கு 47.4 சதவீதம். அதாவது, விளம்பரத்தைப் பார்க்கும் டாக்டரே குத்தகையில் கையெழுத்துப் போடுவார் என்ற நிச்சயம் இல்லை. பல இடங்களில் முடிவெடுப்பது நிர்வாகத்தின் ரியல் எஸ்டேட் பிரிவு. ஹார்லி தெருவில் பலகை மாட்டியவர் தன் பெயரைத் தானே மாட்டினார். இன்றைய டாக்டரின் முகவரியை வேறொருவர் தேர்ந்தெடுக்கலாம். உங்க டாக்டர் திடீர்னு வேறு இடத்துக்கு மாறினால், அந்த முடிவு யாருடையது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்க.