பிச்சாவரம் காடு சுனாமியைத் தடுத்ததா? ஆராய்ச்சி புரபோசல் எழுதுவோருக்கு கடலூர் கடற்கரை சொல்லும் பாடம்

பிஎச்.டி. சேரணும், முதுகலை ஆய்வேடு எழுதணும், ஆய்வுக்கு நிதி வாங்கணும்... எதுவாக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது சில பக்கங்கள் கொண்ட ஒரு திட்ட அறிக்கைதான். அதன் பெயர் ஆராய்ச்சி முன்மொழிவு. கல்லூரி வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது 'புரபோசல்'.

அதை எப்படித் திட்டமிடுவது? என்னென்ன எழுத வேண்டும்? கடலூர் மாவட்டத்தில் நடந்து, வெளிநாட்டு ஆய்விதழ் வரை விவாதமான ஓர் ஆய்வை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

பரங்கிப்பேட்டை ஆய்வு என்ன சொன்னது?

2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்ட மீனவக் கிராமங்களைச் சுனாமி புரட்டிப் போட்டது. அதன்பிறகு சிதம்பரம் அருகே உள்ள பிச்சாவரத்தைச் சுற்றி ஒரு பேச்சு பரவலாக எழுந்தது. 'காடு இருந்த பக்கம் சேதம் கம்மி' என்பதுதான் அது. அங்கிருப்பது அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால்தான் அந்தப் பெயர் என்றே பலரும் விளக்கம் சொல்வார்கள்.

ஊர்ப் பேச்சு உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஆதாரம் ஆகாது. அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் உள்ளது. அங்கு பணியாற்றிய கே.கதிரேசன், என்.ராஜேந்திரனுடன் சேர்ந்து 18 கடலோரக் குக்கிராமங்களை ஆய்வு செய்தார். 2005-ல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு இதுதான்: கடலோரத் தாவரப் பரப்பு அதிகமாக இருந்த இடத்தில் உயிரிழப்பும் பொருள் இழப்பும் குறைவு. கடலிலிருந்து தூரமாகவும் மேடாகவும் இருந்த ஊர்களிலும் இழப்பு குறைவு.

அதே ஆண்டு, கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழுவும் மரங்கள் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியது.

பிறகு ஏன் சர்ச்சை?

2006-ல் கெர், பெய்ர்ட், கேம்ப்பெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த 18 ஊர்களின் தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். தூரம், உயரம் இரண்டையும் முதலில் கணக்கில் எடுத்தாலே, ஊருக்கு ஊர் இருந்த உயிரிழப்பு வித்தியாசத்தில் 87 சதவீதம் விளங்கிவிடுகிறது. காட்டின் பரப்பைச் சேர்த்தால் கூடுதலாக விளங்குவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள்.

லாஜிக் எளிதானது. ஊர் கடலிலிருந்து தள்ளி இருந்தால், நடுவில் காடு வளர இடமும் அதிகம் இருக்கும். அப்போ அந்த ஊரைக் காப்பாற்றியது காடா, தூரமா? ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும் இப்படிப்பட்ட காரணத்தை 'குழப்பும் காரணி' என்று சொல்வார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. வெர்மாட், தம்பன்யா என்ற இரு ஆய்வாளர்கள் அதே தரவை வேறொரு புள்ளியியல் முறையில் பார்த்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று பதில் எழுதினார்கள்.

கடற்கரையில் ஊர் எங்கே அமைய வேண்டும், பாதுகாப்புக்கு எதை நம்பலாம் என்ற முடிவுகள் இதில் அடங்கியிருக்கின்றன. காடு காக்கும் என்று தவறாக நம்பினால் உயிர் போகலாம். காடு பயனில்லை என்று தவறாக முடிவெடுத்தால் காடே போகலாம்.

சுனாமி போன்ற பேரிடரில் ஆய்வாளர்கள் அவசரமாகக் களத்துக்குப் போக வேண்டியிருக்கும். நிதானமாகத் திட்டமிட நேரம் இருக்கும் மாணவர்களுக்கு இதில் பெரிய பாடம் உண்டு. 'நான் நினைக்கும் காரணத்தைத் தவிர வேறு எது இதற்குக் காரணமாக இருக்கலாம்?' என்ற கேள்வியைத் தரவு சேகரிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். அதற்கான இடம்தான் புரபோசல்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

புதிதாக எழுதுவோர் அதிகம் சறுக்கும் இடம் இது. 'கடலூர் மாவட்டத்தில் புயல் பாதிப்புகள்' என்பது வெறும் தலைப்பு. இதை வைத்து எங்கே போவது, யாரிடம் கேட்பது, எப்போது நிறுத்துவது என்று எதுவும் தெரியாது.

இதைச் சுருக்கிப் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டார முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 'தானே புயலில் தோப்பை இழந்த பண்ருட்டி வட்டார விவசாயிகளில், மறுபடி முந்திரியே வைத்தவர்கள் யார்? வேறு பயிருக்கு மாறியவர்கள் ஏன் மாறினார்கள்?' இப்போது இது கேள்வி. இடம், காலம், ஆட்கள், தேட வேண்டிய விஷயம் நான்கும் இதில் இருக்கின்றன.

புரபோசலில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. தலைப்பு: படித்தவுடன் எதை, எங்கே ஆய்வு செய்கிறீர்கள் என்று புரிய வேண்டும்.

2. பின்னணி: இந்தப் பிரச்னை யாருக்கு, ஏன் முக்கியம் என்பதை ஓரிரு பத்திகளில் சொன்னால் போதும்.

3. முந்தைய ஆய்வுகள்: படித்த கட்டுரைகளை வரிசையாக அடுக்கினால் போதாது. யார் என்ன சொன்னார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எது இன்னும் விடுபட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்த விடுபட்ட இடத்தில்தான் உங்கள் ஆய்வு உட்காரும்.

4. கேள்வியும் நோக்கங்களும்: ஒரு முக்கியக் கேள்வி, அதை ஒட்டி இரண்டு மூன்று நோக்கங்கள். பத்து நோக்கம் எழுதினால் ஒன்றும் முடியாது.

5. கருதுகோள்: நீங்கள் எதிர்பார்க்கும் பதில். 'சொந்தமாக போர்வெல் இருந்தவர்களே வேறு பயிருக்கு மாறினார்கள்' என்பது ஓர் உதாரணம். தப்பு என்று நிரூபிக்க வாய்ப்புள்ள வாக்கியமாக இருக்க வேண்டும்.

6. ஆய்வு முறை: புரபோசலின் உயிர்நாடி. எத்தனை ஊர், எத்தனை பேர், எப்படித் தேர்வு செய்வீர்கள், என்ன கேட்பீர்கள், எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று எழுத வேண்டும். போர்வெல்லோடு நில அளவு, கடன், வெளியூர் வருமானம் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். இவைதான் இங்கே குழப்பும் காரணிகள். பல வருஷம் முன்பு நடந்ததை மக்கள் மறந்திருக்கலாம். அதனால் பயிர் விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

7. அனுமதியும் நெறிமுறையும்: மனிதர்களிடம் தகவல் வாங்கினால் அவர்களின் சம்மதம் வேண்டும், பெயரை ரகசியமாக வைக்க வேண்டும், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் தேவைப்படலாம். பிச்சாவரம் போன்ற காட்டில் மாதிரி சேகரிக்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

8. கால அட்டவணை: மாத வாரியாகப் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூரில் வடகிழக்குப் பருவமழை. அப்போது களப்பணி என்று எழுதியிருந்தால், அனுபவமுள்ளவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

9. செலவு: பயணம், உதவியாளர் கூலி, ஆய்வகச் செலவு, அச்சு. ஒவ்வொன்றும் ஏன் தேவை என்று ஒரு வரி போதும்.

10. மேற்கோள் பட்டியல்: உள்ளே குறிப்பிட்ட எல்லா நூல்களும் கட்டுரைகளும் இங்கே வர வேண்டும்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

பொதுவான ஒரே எண் கிடையாது. ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டிய காரணங்கள் கூடக் கூட, மாதிரிகளும் கூட வேண்டும். 18 ஊரை வைத்துக்கொண்டு காடு, தூரம், உயரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மேலே பார்த்த விவாதமே காட்டுகிறது. அதனால் புள்ளியியல் தெரிந்தவரிடம் தரவு சேகரிக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. கேள்வித்தாளை முதலில் பத்துப் பேரிடம் கொடுத்து வெள்ளோட்டம் பார்த்தால், புரியாத கேள்விகள் அப்போதே தெரிந்துவிடும்.

விதிகள் என்ன சொல்கின்றன?

யுஜிசி-யின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி. படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் வரை சலுகை உண்டு. ஆய்வு முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வது ஆய்வு ஆலோசனைக் குழுவின் வேலை. மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் அந்தக் குழு முன் வந்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும்.

பக்க அளவும் வடிவமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பிக்கும் இடத்தின் அறிவிப்பைப் பார்த்து அதன்படி எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் புரபோசலை அப்படியே எடுத்துப் போட்டால், கருத்துத் திருட்டில் சிக்க நேரிடும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் 'எதைக் கண்டுபிடிக்கப் போறாங்க? எப்படி? வேற காரணமா இருந்தா என்ன பண்ணுவாங்க?' என்ற மூன்றுக்கும் அவர் பதில் சொல்லிவிட்டால் புரபோசல் தயார். மூன்றாவது கேள்வியில் அவர் தடுமாறினால், ஆய்வு முறைப் பகுதியை இன்னொரு முறை எழுதுங்கள்.