பள்ளி வாயிலில் ஒரு சோதனை

பெற்றோர் தம் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க அழைத்து வருகின்றனர். அப்பிள்ளையை ஏற்பதா, மறுப்பதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? இவ்வினா நம் நாட்டில் மிகப் பழையது. காலந்தோறும் அதற்குக் கிடைத்த விடைகளை நோக்கினால், கல்வி யாருக்கு உரியதென்று அவ்வக்காலத்தார் கருதினர் என்பது விளங்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், இலக்கணம் கூறுமுன் மாணாக்கரின் இயல்பைக் கூறுகிறது. அன்னத்தையும் பசுவையும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றோர் கடைமாணாக்கர். நூல் கேட்கத் தக்கவர் யார் என்பதையும் அந்நூல் வகுக்கிறது. சொன்னதைக் கொள்ளும் ஆற்றலுடையோனும் வழிபடுவோனும் அதில் இடம்பெறுகின்றனர்; அரசன் மகனும் பொருளை மிகுதியாகக் கொடுப்போனும் அவர்களோடு இடம்பெறுகின்றனர்.

இனி, பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1871-ஆம் ஆண்டில், பதினாறு வயது நிரம்பிய இளைஞர் ஒருவரை அவர் தந்தையார் மாயூரத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இளைஞர் கற்ற நூல்கள் எவை என வினவினார். பாடல் சொல்லச் செய்து கேட்டார். வருகின்ற மாணாக்கர் சிலர் சில காலம் படித்துவிட்டு இடையிலே போய்விடுகின்றனர் என்பது அவரது மனக்குறை. ஆதலின் இவர் நிலைத்து நிற்பாரா என்பதையும் அவர் ஆராய்ந்தார். இளைஞரின் உணவுக்கு வழி என்ன என்ற பேச்சும் எழுந்தது. அவ்விளைஞரே பின்னாளில் நமக்குச் சங்க நூல்களைப் பதிப்பித்து அளித்த உ. வே. சாமிநாதையர். அன்று நடந்த சோதனை ஒருவருடைய தமிழறிவை அறியும் சோதனை. அது நல்ல சோதனையே. ஆயினும், அக்காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் எந்தச் சோதனைக்கும் அழைக்கப்படவேயில்லை. சாதியின் பெயரால் பள்ளி வாயிலுக்கே வரவிடாமல் தடுக்கப்பட்ட அவர்களுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னையில் தனியே ஓர் இலவசப் பள்ளி தொடங்க வேண்டியதாயிற்று.

பிறப்புச் சான்று அரிதாயிருந்த ஊர்களில் வேறொரு சோதனை நெடுங்காலம் வழங்கியது. பிள்ளை வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குறுகியது. ஐந்து, ஆறு வயதில்தான் கை காதை எட்டும். நானும் அவ்வாறு காதைத் தொட்டே பள்ளியிற் சேர்ந்தவன்.

1984-ஆம் ஆண்டில், ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், நானே அச்சோதனையை நடத்தினேன். மெலிந்த சிறுவன் ஒருவனது விரல் காதை எட்டவில்லை. "அடுத்த ஆண்டு அழைத்து வாருங்கள்" என்றேன். கூலி வேலை செய்யும் அவன் தந்தை, "வயசு குறைவில்லை ஐயா, சோறுதான் குறைவு" என்றார். விதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் உலை எங்கள் பள்ளிக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்தது. உணவு உள்ளே இருக்க, பசித்தவனை வெளியே நிறுத்தினேன். மறு ஆண்டு அவன் வரவில்லை. ஆடு மேய்க்கப் போய்விட்டான் என்று அறிந்தேன். சோதனையில் தவறியவன் அவன் அல்லன் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புலப்பட்டது.

2009-இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் இவ்வழக்கைத் திருத்தியது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தலாகாது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்க மறுக்கலாகாது என்று அச்சட்டம் விதிக்கிறது. முதன்முறை இவ்வாறு தேர்வு நடத்தினால் இருபத்தையாயிரம் ரூபாய் வரையும், பின்னர் ஒவ்வொரு முறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

பிள்ளையின் அறிவை அளந்தறிவது தவறன்று. எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்று அறிய ஆசிரியனுக்கு அது வேண்டும். ஆனால் அந்த அளவீடு பிள்ளை உள்ளே வந்தபின் நடத்தற்குரியது. உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். வாயிலில் ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, முதலில் அவனை உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். கேட்க வேண்டியவற்றை அதன்பின் கேளுங்கள்.