நீலப் பயணம்: கடற்பஞ்சுப் படகிலிருந்து உல்லாசப் படகு வரை



ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வண்ணத் தாள் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்து நீட்டினான். பட்டணத்துக் கடையில் பொருள் சுற்றிக் கொடுத்த தாள் அது. நீலக் கடலில் அழகிய மரப்படகு ஒன்று நிற்கிறது. மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் உல்லாசப் பயணம், படகும் உங்களுக்கே, சமையற்காரரும் உண்டு என்று விளம்பரம் சொல்கிறது. "சார், ஒரு வாரத்துக்குப் படகையே வாடகைக்கு எடுப்பாங்களா? நாம தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பஸ் எடுக்கிற மாதிரியா?" என்று அவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்விதான். அதற்கான விடையைத் தேடிப் போனபோது நமக்குக் கிடைத்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் மாணவனுக்குச் சொன்ன விடை. ஆம், ஏறக்குறைய பஸ் எடுப்பது போலத்தான். துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையில் போட்ரம் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. மத்தியதரைக் கடலின் கிளையான ஏஜியன் கடலை ஒட்டிய ஊர் அது. அங்கே 'குலெத்' எனப்படும் மரப்படகுகளை வாடகைக்கு விடுகிறார்கள். குடும்பமாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து முழுப் படகையும் எடுக்கலாம்; ஓர் அறையை மட்டும் எடுப்பதும் உண்டு. பெரும்பாலும் சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்குவது வழக்கம். படகுத் தலைவர், சமையற்காரர், உதவியாள் ஆகியோர் படகோடு வருவார்கள்.

திட்டமிடுவதும் நம் பஸ் பயணம் போன்றதே. எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். சாப்பாடும் எரிபொருளும் வாடகையில் சேர்ந்தவையா, தனியா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு காலத்தைப் பார்க்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை பயணத்திற்கு ஏற்ற பருவம். ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடமேற்கிலிருந்து 'மெல்தெமி' என்னும் காற்று வீசும். பிற்பகலில் அது பலமாக இருக்கும். அதனால் அனுபவமுள்ள படகுத் தலைவர் விடியற்காலையிலேயே நங்கூரத்தை எடுத்து, காற்று எழுமுன் அடுத்த குடாவை அடைந்துவிடுவார். கோகோவா வளைகுடாவைச் சுற்றி, பழங்கால மதிற்சுவர்கள் நிற்கும் செதிர் தீவைக் கண்டு, பைன் மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நிற்கும் குடாக்களில் இரவு தங்கி, மீண்டும் போட்ரம் திரும்ப ஒரு வாரம் போதும்.

விளம்பரத்தாள் இவ்வளவைத்தான் சொல்லும். இந்தப் பயணத்தை முதலில் போனவர்கள் யார் என்பதை அது சொல்வதில்லை.

உல்லாசப் படகு என்றாலே அரசர்களின் நினைவு வருவது இயல்பு. 1660-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு 'மேரி' என்ற படகைப் பரிசாக அளித்தார்கள். கடலில் பொழுதுபோக்கும் வழக்கம் இங்கிலாந்தின் பெருமக்களிடையே அப்படித்தான் பரவியது. ஆனால் போட்ரம் ஊரின் கதை அரண்மனையில் தொடங்கவில்லை. அது ஒரு தண்டனையில் தொடங்கியது.

ஜெவாத் ஷாகிர் என்பவர் ஆக்ஸ்போர்டில் படித்த துருக்கிய எழுத்தாளர். 1925-ஆம் ஆண்டில், படையைவிட்டு ஓடியவர்கள் விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதற்காக அவரை விசாரித்த சிறப்பு நீதிமன்றம், மூன்றாண்டுக் காலம் போட்ரம் ஊரில் தள்ளிவைக்கத் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் அது நல்ல சாலைகூட இல்லாத ஏழை மீனவர் ஊர். தண்டனையாக அனுப்பப்பட்டவர் அந்தக் கடலைக் கண்டு மனம் மாறிப்போனார். கடலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். தண்டனையின் பிற்பாதியை இஸ்தான்புல் நகரில் கழித்தார். அது முடிந்ததும் யாரும் சொல்லாமலே போட்ரம் ஊருக்குத் திரும்பி வந்தார். அங்கே தோட்டவேலை செய்தார், மரங்கள் நட்டார், மீனவர்களோடு கடலுக்குப் போனார், அவர்களுடைய வாழ்க்கையைக் கதைகளாக எழுதினார். ஊரின் பழம்பெயர் ஹாலிகார்னாசஸ். வரலாற்றின் தந்தை என்று போற்றப்படும் ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர் அது. அந்தப் பெயரைக் கொண்டே அவர் 'ஹாலிகார்னாசஸ் மீனவன்' என்று தமக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டார்.

1940-களின் நடுவிலிருந்து அவரும் அவருடைய நண்பர்களும் அந்தக் கரையோரமாகப் பயணம் போகத் தொடங்கினார்கள். அந்த நண்பர்களுள் ஒருவர் சபாஹத்தின் எயூபோலு. துருக்கியில் 1940-இல் தொடங்கி 1954-இல் மூடப்பட்ட கிராமக் கல்விக்கூடங்கள், கிராமத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தன. அவற்றுள் ஒன்றில் அவர் பாடம் சொன்னவர். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. பிறகு அவர்களோடு சேர்ந்தவர் அஸ்ரா எர்ஹாத் அம்மையார். கிரேக்கப் பெருங்காப்பியங்களைத் துருக்கி மொழிக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் அவர். 'நீலப் பயணம்' என்ற அவருடைய நூல் 1962-இல் வெளிவந்தது. நூலின் பெயரே இன்று அத்தகைய பயணங்களுக்கெல்லாம் பெயராகிவிட்டது.

அவர்கள் ஏறிய படகு எது தெரியுமா? கடற்பஞ்சு எடுக்கும் தொழிலாளர்களின் படகு. தனி அறை இல்லை, மெத்தை இல்லை. காய்ந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, குடிதண்ணீர், புகையிலை, சிறிது மது, இவையே கொண்டுபோன சரக்கு. மீனைக் கடல் கொடுத்தது. செய்தித்தாளும் வானொலியும் படகில் கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தார்கள். வானொலியில் பேசும் நமக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான்! ஆனாலும் அவர்களுடைய நோக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்கள் நிற்கும் மண்ணின் பழைய வரலாற்றைக் கண்ணால் பார்த்துப் படிப்பதற்காகவே அவர்கள் போனார்கள்.

சரி, கடற்பஞ்சுத் தொழிலாளர்கள் யார்? கடலடிப் பாறையில் ஒட்டி வளரும் ஓர் உயிர்தான் கடற்பஞ்சு. குளிப்பதற்கும் துடைப்பதற்கும் அதை உலகம் முழுவதும் வாங்கினார்கள். முன்னாளில் கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி எடுத்தார்கள். 1860-களில் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் சேர்த்த துணியாலான உடையும் அந்தக் கடல்பகுதிக்கு வந்தன. மேலேயிருந்து குழாய் வழியே காற்று அனுப்புவார்கள். இப்போது ஆழத்திற்குப் போகலாம், நெடுநேரம் இருக்கலாம். ஆபத்தும் அங்கேதான் வந்தது. ஆழத்தில் அழுத்தத்தால் காற்று இரத்தத்தில் கரைகிறது. மெதுவாக ஏறினால் கேடில்லை. விரைந்து ஏறினாலோ, சோடாப் போத்தலைத் திறந்தது போல இரத்தத்தில் குமிழிகள் கிளம்பும். கை கால் விழுந்துபோனவர்களும் உயிரிழந்தவர்களும் பலர். எதிர்க்கரையில் உள்ள கலிம்னோஸ் என்னும் கிரேக்கத் தீவிலே, பருவம் தொடங்குமுன் மூழ்காளர்களுக்கு முன்பணம் கொடுப்பார்கள். கொடுத்த முன்பணத்துக்கு ஈடாகப் பஞ்சு எடுத்தாக வேண்டும். முன்பணம் என்றால் என்னவென்று, கங்காணி காலத்துக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தொழிலாளர்களிடம் பஞ்சைத் தவிர வேறொன்றும் இருந்தது: கடலடியைப் பற்றிய அறிவு. 1982-ஆம் ஆண்டில் மெஹ்மெத் சாக்கிர் என்ற மூழ்காளர், கடலடியில் 'காது வைத்த உலோகப் பிஸ்கட்டுகள்' கிடக்கக் கண்டதாகத் தம் படகுத் தலைவரிடம் சொன்னார். பழம்பொருள் ஆராய்ச்சியாளர்கள் முன்னதாகவே பஞ்சுப் படகுகளைத் தேடிப்போய், இத்தகைய பொருள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பிஸ்கட்டுகள் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலின் செம்புக் கட்டிகள்! உலுபுருன் முனையருகே 1984 முதல் 1994 வரை 22,000 தடவைக்கும் மேலாக மூழ்கி அகழ்ந்தார்கள். பத்து டன் செம்பும் ஒரு டன் அளவு ஈயமும் கிடைத்தன. நாம் சொல்லும் ஈயம் வெள்ளீயம், கிந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்தார்களே, அதே உலோகம். அந்தப் பொருள்களுக்குப் போட்ரம் கோட்டை அருங்காட்சியகத்தில் இடம் கொடுத்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டறியாததை ஒரு தொழிலாளியின் கண் கண்டது. அவர் சொன்னதைக் கேட்கும் காதும் அன்று இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் வரலாறு கிடைத்தது.

பின்னர் செயற்கைப் பஞ்சு கடைக்கு வந்தது. 1986-இல் மத்தியதரைக் கடலில் பஞ்சுகளை நோய் தாக்கியது. பஞ்சுத் தொழில் நலிந்தது. அந்தக் கரையின் படகுகளும் படகோட்டிகளும் பயணிகளை ஏற்றும் தொழிலுக்கு மாறினார்கள். படகு நீண்டது, அகன்றது. அறையும் மெத்தையும் வந்தன. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் காய்ந்த ரொட்டியோடு போன பயணம், ஆடம்பரப் பயணமாக விலைபோகிறது. அதில் நாம் குறை காண வரவில்லை. அந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் விடியலில் நங்கூரம் தூக்குபவர் யாருடைய பேரன், எந்தக் குடா எந்தக் காற்றுக்கு மறைவு என்ற அறிவு யாருடைய உயிரைப் பணயம் வைத்துக் கிடைத்தது என்பதும் சேர்ந்தால்தான் அந்தத் தாளில் உள்ள படம் முழுமை பெறும்.

நேயர்களே, தொழில் மறைந்தாலும் தொழிலாளியின் நினைவு மறையக்கூடாது. ஜெவாத் ஷாகிர் 1973-இல் காலமானார். பஞ்சுத் தொழிலாளர்களின் பெயரும் பாடும் அவருடைய எழுத்தில் நிற்கின்றன. நம்மிடையே தோட்டத்தில் இருப்போரும் உண்டு, தோட்டத்தைவிட்டுப் பட்டணம் வந்தோரும் உண்டு. பால்மரக் காடு இருந்த இடங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்த வாரம் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த நிரையில் பால் வெட்டினீர்கள், கருக்கலில் வழியை எப்படி அறிந்தீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எழுதிய தேதியையும் போட்டு வையுங்கள்.

அந்த மாணவன் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். விளம்பரத்தாளையே அவன் அந்த நோட்டுக்கு அட்டையாகப் போட்டிருந்தான்.