பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்: 1937ஆம் ஆண்டின் சென்னை ஆய்வு

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் மருந்து வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1937இல் எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்துச் சென்னையிலிருந்து அறிவித்தனர். எனினும் அவ்வாய்வு அமினோ அமில வேதியியலைச் சார்ந்தது; நோய் தீர்த்தலை நோக்கியதன்று. இறந்த நோயாளரின் மூளையில் டோபமைன் குறைந்திருந்ததை வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகிவிச்சும் 1960இல் நிறுவினர். மறு ஆண்டே நோயாளர்க்கு லெவோடோபா ஊசிவழி செலுத்தப்பட்ட முடிவுகள் வெளியாயின. பூனைக்காலி விதைத்தூளையே நோயாளர்க்கு அளித்த பம்பாய் ஆய்வு 1978இல் வெளிவந்தது.

எனவே இவ்விதையின் வரலாற்றை, மரபறிவை அறிவியல் மெய்ப்பித்த நேர்கோட்டுக் கதையாகக் கொள்வது பொருந்தாது. வேதிப்பொருள் சென்னையில் பிரித்தெடுக்கப்பட்டபோது இந்நோய்க்கு அதன் பயன் அறியப்படவில்லை. பயன் தெளிவான பின்னரே ஆய்வாளர் விதையை நாடினர்.